படையலில் வைக்காத சிகரெட்

1

நேற்று முன்தினம் என் கணவர் சுந்தரத்துக்கு மூன்றாவது வருஷத் திவசம். இங்கே சைகோனில் அதை ‘யோ’ என்பார்கள். ஐயர் வேண்டாம், எள்ளும் தண்ணீரும் வேண்டாம். செத்தவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படத்துக்கு முன்னால் வைத்து, ஊதுவத்தி ஏற்றி, அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுச் சோறு போட்டால் போதும். நானும் போட்டேன். கோழிக் குழம்பு, சோறு, ஐஸ் போட்ட கறுப்புக் காப்பி, மாம்பழம் எல்லாம் வைத்தேன். சிகரெட் மட்டும் வைக்கவில்லை.

மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அவருக்குப் பிடித்த சிகரெட் எங்கள் சந்து முனையிலேயே சில்லறையாகக் கிடைக்கும். வேண்டுமென்றேதான் வைக்கவில்லை. இனியும் வைக்க மாட்டேன்.

புகை பிடித்த ஆம்பளை செத்தால், யோ அன்று ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து ஊதுவத்திக் கிண்ணத்து மணலில் செருகுவது இங்குள்ள வழக்கம். அது பாட்டுக்குப் புகைந்து முடியும். சாம்பல் உதிராமல் நீளமாக நின்றால் செத்தவர் நிம்மதியாக இழுத்துவிட்டுப் போனார் என்று எங்கள் சந்தில் சொல்வார்கள். நம் ஊரில் முனியாண்டிக்குச் சுருட்டு வைக்கிற மாதிரிதானே என்பீர்கள். அதே மாதிரிதான். அதனால்தான் முதல் வருஷ யோவில் நான் எதைப் பிடுங்கி எறிந்தேன் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

2

நாங்கள் இருப்பது டிஸ்ட்ரிக்ட் 4. டிஸ்ட்ரிக்ட் 1-இன் கண்ணாடிக் கட்டடங்களிலிருந்து ஒரு பாலம் தாண்டினால் வந்துவிடலாம். சந்து எவ்வளவு அகலம் என்றால், எதிரெதிரே இரண்டு மோட்டார் பைக் வந்தால் ஒன்று சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். பைக் டாக்ஸி ஓட்டுகிறவர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், லாட்டரிச் சீட்டு விற்கிறவர்கள், ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறவர்கள், இவர்கள்தான் என் அக்கம்பக்கம். நான் தோசை மாவு அரைத்து டிஸ்ட்ரிக்ட் 1-இல் உள்ள இந்திய ஹோட்டல்களுக்குக் கொடுக்கிறேன். இவர்கள் ஊரில் மஞ்சளாக ஒரு பலகாரம் சுடுவார்கள், பான் சேவ் என்று. என் தோசைக்கு இவர்கள் வைத்த பெயர் இந்திய பான் சேவ். நானும் சண்டை போட்டுப் பார்த்து விட்டுவிட்டேன்.

சுந்தரம் காரைக்காலிலிருந்து இங்கே ஒரு துணி மில்லுக்குத் தையல் மிஷின் மெக்கானிக்காக வந்தவர். பிரெஞ்சுக்காரன் காலத்துப் பழக்கத்தில், எங்கள் ஊர்ப் பழைய ஆட்களிடம் சைகோன் என்று சொன்னால் பக்கத்துத் தெரு மாதிரி தலையாட்டுவார்கள். ஆனால் அவர் வந்து இறங்கியபோது ஒரு வார்த்தை தெரியாது. மில்லில் தலையை ஆட்டி, கையைக் காட்டி வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் சந்து முனையில் வந்து ஊமை மாதிரி நிற்பார். அங்கே பைக் மேல் சாய்ந்துகொண்டு சவாரிக்குக் காத்திருந்த ஹுங் ஒரு நாள் அவரைப் பார்த்துச் சிகரெட் பெட்டியை நீட்டினார். அதுதான் இந்த ஊர் இவரிடம் பேசிய முதல் பேச்சு.

அதிலிருந்துதான் எல்லாம் வந்தது. பிறகு நான் வந்து சேர்ந்தபோது வீடு பார்த்துக் கொடுத்தது ஹுங். எங்கள் மகள் கயலைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட வந்தது ஹுங். மில் வேறு மாகாணத்துக்குப் போனபோது, ஊருக்குத் திரும்பாதே, மிஷின் ரிப்பேர் தனியாகச் செய் என்று நிறுத்தி வைத்ததும் அவர்தான். மூத்த பிள்ளையை இங்கே ‘இரண்டு’ என்றுதான் எண்ணத் தொடங்குவார்கள். சுந்தரம் மூத்தவர், அதனால் ஹுங்குக்கு அவர் ‘ஹாய் அண்ணன்’, அதாவது இரண்டாம் நம்பர் அண்ணன். நான் ஹாய் அண்ணி. கயலுக்கு ஹுங் சித்தப்பா.

ஊரில் இருக்கும்போது சுந்தரம் அவ்வளவாகப் பிடிக்கிறவர் இல்லை. கல்யாண வீட்டில் ஒன்று, சிநேகிதர்களோடு ஒன்று. இங்கே வந்துதான் அது பெட்டிக் கணக்கானது. எங்கள் கல்யாணத்திலேயே வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில் ஓர் எவர்சில்வர் டம்ளரில் சிகரெட்டுகளை நிற்க வைத்திருந்தார்கள். என் அப்பாதான் வைத்தார். இழவு வீடு என்றால் பீடிக்கட்டு வாங்கிப் போடாத வீட்டைக் கஞ்சன் வீடு என்பார்கள். ஆகவே இந்த ஊர்க்காரர்கள் மேல் எனக்கு ஒரு ஏளனமும் கிடையாது. இங்கேயும் அங்கேயும் சிகரெட் ஓர் உபசாரம். நீட்டினால் மரியாதை. வேண்டாம் என்று கையைத் தட்டினால் நீட்டியவன் முகத்தில் அடித்த மாதிரி.

3

சுந்தரத்துக்கு நுரையீரலில் புற்றுநோய் வந்தது. அதைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பாய் விரித்துக் கிடந்த மாதங்களில் ஹுங் தினமும் சாப்பாடு கொண்டுவருவார். ரொட்டி சுற்றி வந்த காகிதத்துக்குள் ஒரு நாள் சிகரெட் இருந்தது. நான் அதை எடுத்துக்கொண்டு போய் ஹுங்கிடம் நீட்டினேன்.

“அண்ணன் கேட்டாரு அண்ணி. நான் எப்படி இல்லன்னு சொல்றது?” என்றார்.

அப்போதே ஹுங்குக்கு மாடிப்படி ஏறினால் இளைக்கும். நடுவில் நின்று, யாரோடோ போன் பேசுகிற மாதிரி நடித்துவிட்டு, மறுபடி ஏறுவார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அவர் போன மறு வருஷம் முதல் யோ வந்தது. ஊரில் என் கொழுந்தனார் திதி கொடுத்துவிட்டார். இங்கே சந்து விடவில்லை, என்றைக்கு யோ என்று எல்லோரும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். என்னைவிட என் மகள் கயலுக்குத்தான் அதில் அக்கறை. அவள் வளர்ந்தது இந்தச் சந்தில். திதி, தர்ப்பணம் எல்லாம் அவளுக்குக் கேள்விப்பட்ட சங்கதிகள். அப்பாவுக்கு அழுவது என்றால் அவளுக்கு இந்த ஊர் முறையில்தான் அழத் தெரியும். படத்தைத் துடைத்து, பூ வைத்து, பாய் விரித்து எல்லாம் அவளே செய்தாள்.

ஹுங் வந்தார். ஒரு புதுப் பெட்டியைப் பிரித்து, ஒன்றை எடுத்து, தன் வாயில் வைத்துப் பற்றவைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போய்க் கிண்ணத்தில் செருகினார். கண்ணெல்லாம் தண்ணீர். கயல் பக்கத்தில் கைகூப்பி நின்றாள். அந்தப் புகை எழும்பிப் படத்தில் இருந்த சுந்தரத்தின் முகத்தில் படிந்தது. எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது, எழுந்து போய் அதைப் பிடுங்கி, காப்பிக்குள் போட்டேன்.

“இவரக் கொன்னத இவருக்கே படைக்கிறீங்களா?” என்றேன். எனக்கு வியட்நாமிய மொழியின் ஏற்ற இறக்கம் இன்றுவரை வரவில்லை. கெஞ்சினால் திட்டுகிற மாதிரி இருக்கும், திட்டினால் தலை வெடிக்கிற மாதிரி இருக்கும். அன்றைக்கு நான் திட்டினேன்.

 ஆளாளுக்கு ஒரு வாய் சாப்பிட்டோம் என்று பெயர் பண்ணிவிட்டு எழுந்து போனார்கள். யோ வீட்டில் சோறு மிஞ்சினால் அது இந்த ஊரில் பெரிய அவமானம். என் வீட்டில் அண்டா அண்டாவாக மிஞ்சியது.

“சித்தப்பா அழறாரு, பாத்தியாம்மா?” என்றாள் கயல். “அப்பாவுக்குப் பிடிச்சதுதானே. அதைப் பிடுங்க நீ யாரு?”

நான் யாரா? பெண்டாட்டி.  பாத்திரம் கழுவப் போனேன்.

4

அதற்கப்புறம் சந்து என்னோடு பேசவில்லை. இங்கே ஒரு வீட்டில் யோ என்றால் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் தட்டில் சாப்பாடு வரும். என் வாசலைத் தாண்டித் தட்டுகள் போயின. ஹுங் தன் பைக்கை என் வீட்டுக்கு முதுகு காட்டி நிறுத்த ஆரம்பித்தார். கயல் நகரத்தின் மறுகோடியில் தூ டுக்கில் தன் காலேஜ் பக்கத்திலேயே அறை எடுத்துக்கொண்டாள். இப்போதுதான் மெட்ரோ வந்துவிட்டதே, வாரா வாரம் வருவேன் என்றாள். மெட்ரோ வாரா வாரம் ஓடியது, அவள் வரவில்லை. போன் செய்தால் நான் தமிழில் கேட்பேன், அவள் பாதி இங்கிலீஷ், பாதி வியட்நாமிய மொழியில் பதில் சொல்லுவாள்.

நான் தப்பு செய்துவிட்டேனோ என்று ஒருநாள்கூட நினைக்கவில்லை. தனியாக இருந்தேன், அது வேறு. சுந்தரத்தை இனிமேல் காப்பாற்ற முடியாது. ஆனால் பைக்கைத் திருப்பி நிறுத்திவிட்டு, மாடிப்படி நடுவில் நின்று இருமுகிற ஹுங் இன்னும் இருக்கிறார். அந்த மனுஷனையும் படமாக்கி மாட்டி, அதற்கும் ஒரு சிகரெட் செருகப் போகிறார்களா என்பதுதான் என் ஆத்திரம்.

அந்தச் சமயத்தில் சந்து ஒலிபெருக்கியில் ஓர் அறிவிப்பு வந்தது. வார்டு அலுவலகக் கூடத்தில் புகை ஒழிப்புக் கூட்டம், எல்லோரும் வரலாம் என்று. போனேன். நகரத்திலிருந்து ஒரு குழு வந்திருந்தது. சின்ன வயசு டாக்டர் பெண் ஒருத்தி திரையில் கறுத்த நுரையீரலைக் காட்டினாள். ஆளுக்கு ஒரு டி-ஷர்ட் கொடுத்தார்கள். இடைவேளையில் எங்கள் சந்து ஆண்கள் அந்த டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று ஊதினார்கள். டாக்டருக்கு முகம் விழுந்துவிட்டது. ஏழை மக்களுக்கு இதன் ஆபத்து இன்னும் சரியாகப் புரியவில்லை, திரும்பத் திரும்பச் சொல்லத்தான் வேண்டும் என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. கையைத் தூக்கினேன்.

“புரியாம இல்ல டாக்டர். நீங்க திரையில காட்டுற நுரையீரலை இவங்க ஆஸ்பத்திரிப் படியில தோள்ல தூக்கிட்டு ஏறியிருக்காங்க. புரியாதவங்கன்னு சொல்லாதீங்க. ஒருத்தன் நீட்டினா வேண்டாம்னு சொல்ல முடியல. அதுக்கு ஏதாவது வழி இருந்தா சொல்லுங்க.”

என் குரலுக்குக் கூடமே திரும்பிப் பார்த்தது. டாக்டர் கோபப்படவில்லை, அதை எழுதிக்கொண்டாள். நல்ல பெண். கூட்டம் முடிந்து என்னைத் தன்னார்வலர் பட்டியலில் சேர்க்கச் சொன்னாள். வார்டு அலுவலகக் குமாஸ்தா என் குடியிருப்பு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளிநாட்டவர், தற்காலிக அனுமதி, அதிலும் கணவர் காலமாகிவிட்டதால் அந்த அனுமதியே வேறு அலுவலகத்தில் நிலுவையில் இருக்கிறது, சேர்க்க முடியாது என்றார். கயல் பிறந்தது, என் புருஷன் செத்தது, இரண்டும் இதே வார்டில்தான். வெளிநாட்டவர் என்றால் இருந்துவிட்டுப் போகிறேன். நான் சந்தில் குடியிருக்கிறேன், பட்டியலில் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

5

வழியைக் கண்டுபிடித்தது நானும் இல்லை, டாக்டரும் இல்லை. லான் அக்கா. சந்து முனையில் சின்னக் கண்ணாடிப் பெட்டி வைத்துச் சிகரெட்டைச் சில்லறையாக விற்கிறவர். நம்ப மாட்டீர்கள், ஆனால் அவர்தான்.

ஒரு மத்தியானம் மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். லான் அக்கா பெட்டியைப் பக்கத்துக் கடையில் விட்டுவிட்டு வந்து என் படியில் உட்கார்ந்தார். அந்த முதல் யோவுக்குப் பிறகு என் படியில் உட்கார்ந்த முதல் ஆள். ஹுங்கை டாக்டர்கள் கண்டிப்பாக நிறுத்தச் சொல்லிவிட்டார்களாம். அவரும் மூன்று நாளாக வாங்கவில்லையாம். ஆனால் பைக்கில் போய் உட்காருவதற்குள் யாராவது நீட்டிவிடுகிறார்கள், மறுத்தால் ‘என்ன, என் சிகரெட் உனக்கு ஆகாதா’ என்கிறார்கள்.

“நான் ஒரு யோசனை சொன்னேன்,” என்றார் லான் அக்கா. “உன் பேரைச் சொல்லச் சொன்னேன். ‘வேண்டாம்பா, ஹாய் அண்ணி பாத்தா நடுத்தெருன்னு பாக்காது, பிடுங்கித் தண்ணியில போடும்’னு சொல்லுன்னேன். நீ அன்னைக்குப் பண்ணத எல்லாரும் பாத்தவங்கதானே. சிரிச்சுட்டுப் பெட்டியை உள்ள வச்சுட்டாங்க.”

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் யோசித்தால், அதில் எவ்வளவு சாமர்த்தியம். ஹுங் சிநேகிதனை மறுக்கவில்லை. மறுப்பது அந்த இந்தியக்காரி, அந்த ராட்சசி. நீட்டியவனுக்கும் முகம் கெடவில்லை, மறுத்தவனுக்கும் முகம் கெடவில்லை. கெட்ட பேரெல்லாம் எனக்கு. எனக்கு ஏற்கெனவே கெட்டுத்தானே கிடந்தது.

மறுநாள் ஹுங் ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். “அண்ணி, உங்களக் கேக்காம உங்க பேர எடுத்துட்டேன்,” என்றார்.

எடுத்துக்கொள்ளுங்கள், தேய்ந்தா போகும் என்றேன். சாயங்காலம் அவர் பைக் பழையபடி என் வீட்டைப் பார்த்து நின்றது.

அப்புறம் சந்து முழுக்க அது பரவியது. பெயின்ட் அடிக்கிற பையன்கள், செருப்புத் தைக்கிறவர், எல்லோரும் என் பெயரைச் சொல்லிக் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். நானும் விடவில்லை. மாவு வாளியை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு சந்து முனையைத் தாண்டும்போது, வேண்டுமென்றே ஹாரனை நீளமாக அடித்து முறைத்துக்கொண்டே போவேன். வாழ்க்கையில் முதல் தடவையாக என் உச்சரிப்பு ஒரு காரியத்துக்கு உதவியது. நான் குட்மார்னிங் சொன்னால்கூடத் திட்டு மாதிரிதானே கேட்கும்.

விருந்தில் வைக்கிற சிகரெட் தட்டை எடுத்துவிட்டது பெண்கள். யோவுக்கும் கல்யாணத்துக்கும் ஊதுவத்தி ஏற்றுவது ஆண்கள், ஆனால் பாயில் தட்டு வைப்பது நாங்கள். நாங்கள் வைத்தால்தானே அது அங்கே இருக்கும். லான் அக்கா வீட்டு யோவில் சிகரெட் சாஸரை எடுத்துவிட்டுக் கொறிக்கத் தர்ப்பூசணி விதை வைத்தோம். நான் சோம்பை வறுத்து, கற்கண்டு கலந்து, நம் ஹோட்டல்களில் பில்லோடு கொடுப்பார்களே அந்த மாதிரி ஒரு கிண்ணம் வைத்தேன். இது என்ன, குருவிக்கு வைத்ததா என்று கேட்டார்கள். கேட்டுக்கொண்டே பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனார்கள். இப்போது வாரா வாரம் வறுக்கிறேன்.

டாக்டர் பெண் விஷயம் கேள்விப்பட்டு வந்தாள். எங்களோடு பாயில் உட்கார்ந்து சோம்பு மென்றாள். அறிக்கையில் இந்த முறைக்கு என்ன பெயர் போடுவது என்று கேட்டாள். என் மேல் பழி போடுகிற முறை என்று எழுதிக்கொள் என்றேன். சிரித்துவிட்டு ஏதோ நீளமாக எழுதினாள். ஆனால் சிகரெட் விற்கிற லான் அக்காவை அறிக்கையில் காட்ட முடியாது, மேலே ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்றாள். அதற்குத்தான் எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. அவரை வெளியே வைத்தால் எங்கள் சந்து முழுவதையுமே வெளியே வைத்துவிடு என்றேன். அந்தப் பெட்டிதான் அவர் வீட்டு அடுப்பு. அதை மூடச் சொல்ல நாம் யார்? விட முயற்சி செய்கிற எங்கள் சந்து ஆளுக்கு அவர் விற்பதில்லை, அவராகவே எடுத்த முடிவு அது. மேல் தட்டில் லாட்டரிச் சீட்டும் என் சோம்புப் பொட்டலமும் வைத்திருக்கிறார். சிகரெட் கீழ்த்தட்டில் இருக்கிறது. இருக்கட்டும்.

எல்லோரும் விட்டுவிட்டார்கள் என்று கதை விடமாட்டேன். செருப்புத் தைக்கிறவர் விடவில்லை, பெரிய சாலை வரை நடந்து போய்ப் பிடித்துவிட்டு வருகிறார். ஹுங்கே புத்தாண்டு சமயத்தில் சொந்த ஊருக்குப் போய்ச் சறுக்கிவிட்டார். அங்கே என் பெயர் செல்லுபடி ஆகாதே. வந்த அன்றே வாசலில் நின்று அவராகவே சொன்னார். அன்றைக்கு நான் கத்தவில்லை. காப்பி போட்டுக் கொடுத்தேன். மறுநாளிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். இப்போது மாடிப்படியில் நிற்காமல் ஏறுகிறார்.

6

நேற்று முன்தினத்துக்கு வருகிறேன். கயல் முதல் நாளே வந்துவிட்டாள். சண்டை போடவில்லை, ஆனால் வெங்காயம் உரித்துக்கொண்டே மெதுவாகக் கேட்டாள். பற்றவைக்காமல், சும்மா ஒன்றே ஒன்று வைக்கக் கூடாதா என்று. கூடாது என்றேன். அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

மத்தியானம் சந்து நிறைந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்கு வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவரையும் கூட்டி வந்தார்கள். நல்ல மனுஷன். படத்தில் சுந்தரத்தின் கையில் சிகரெட் இருப்பதைப் பார்த்தார். ஹுங்கோடு பைக் மேல் சாய்ந்து நிற்கிற படம், கயலுக்கு அதுதான் பிடிக்கும். மரியாதையாகத் தன் பையிலிருந்து ஒன்றை எடுத்துப் பற்றவைத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கிண்ணத்தை நோக்கிப் போனார்.  எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் எழுவதற்குள் ஹுங் எழுந்துவிட்டார்.

பெரியவரின் தோளில் கை வைத்து, அந்தச் சிகரெட்டைப் பதமாக வாங்கிக்கொண்டார். ஹுங் கையில் புகைகிற சிகரெட்டைப் பார்த்து எத்தனை மாதம் ஆயிற்று.  அவர் அதை ஒரு கணம் பார்த்தார். தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டார். பிறகு படத்தைப் பார்த்துச் சொன்னார்:

“ஹாய் அண்ணா, மன்னிச்சுக்க. நான் என்ன பண்றது, உன் பொண்டாட்டி விட மாட்டேங்குது.”

சோம்புக் கிண்ணத்திலிருந்து ஒரு கை அள்ளிப் படத்துக்கு முன்னால் வைத்தார். சந்தே வெடித்துச் சிரித்தது. பெரியவரும் விஷயம் புரியாமலே சிரித்தார். கயலும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே இருந்தவள் அழ ஆரம்பித்துவிட்டாள். அன்றைக்கு ஒரு பருக்கை மிஞ்சவில்லை.

எல்லோரும் போன பிறகு நானும் அவளும் பாயைச் சுருட்டினோம். சித்தப்பா வைத்த சோம்பை அவள் எடுக்கவில்லை, சிந்தியதை மட்டும் விரலால் ஒதுக்கிக் குவித்தாள். வெகுநாளைக்குப் பிறகு முழுசாகத் தமிழில் பேசினாள்.

“அப்பா அங்க ஒரு சிகரெட்டுக்கு ஏங்குவாரும்மா.”

“ஏங்கட்டும்டி,” என்றேன். “நான் ஏங்கல?”